ஊமைப் படங்களோடு ஒரு வருஷம்

இந்த வருஷம் நான் பார்த்த புதுப்படங்கள் ரொம்பக் குறைவு. பெரும்பாலும் பழைய மௌனக் குறும்படங்கள், நடுநடுவே பரிசோதனைப் படங்கள். சினிமாவின் முன்னோடிகளான பிரான்ஸின் லூமியேர் சகோதரர்களின் 1895 படங்களில்தான் ஆரம்பித்தேன். ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம்கூட வராது. குழந்தைக்கு ஊட்டும் படத்தில் என் கண் குழந்தையிடம் நிற்கவில்லை. பின்னால் காற்றில் ஆடும் இலைகளிடமே போனது.

ஜேம்ஸ் வில்லியம்சன் 1901-இல் எடுத்த ஒன்று இருக்கிறது. தன்னைப் படம் பிடிப்பது பிடிக்காத ஒருவர் திட்டிக்கொண்டே நெருங்கி வருகிறார். வாய் திரை முழுக்க விரிகிறது. கேமராவும் கேமராமேனும் உள்ளே விழ, மனுஷர் மென்றபடி பின்னால் போகிறார். அவ்வளவுதான் படம். க்ளோசப்பை வைத்து இதைவிட நல்ல ஜோக் நான் பார்த்ததில்லை.

ஸ்டாரேவிச்சின் 1912 படத்தில் நடிகர்கள் எல்லாம் செத்த பூச்சிகள். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்திருக்கிறார். வண்டின் கள்ளக்காதலை ஒரு வெட்டுக்கிளி ஒளிந்திருந்து படம் பிடிக்கிறது, பிறகு அதைத் தியேட்டரில் ஓட்டிக் காட்டுகிறது!

தந்திரக் காட்சிகளுக்குப் பேர்போன பிரெஞ்சு முன்னோடி மெலியஸின் படங்களை மட்டும் வரிசையாகப் பார்த்தால் எனக்குச் சலித்துவிடுகிறது. (சண்டைக்கு வராதீர்கள்.)

ஸ்டான் பிராக்கேஜின் 1963 படத்துக்குக் கேமராவே கிடையாது. விட்டில் இறகுகளையும் புல் இதழ்களையும் ஒளி ஊடுருவும் டேப்பில் ஒட்டி, அதையே பிரிண்ட் போட்டிருக்கிறார். சத்தமும் இல்லை. இணையத்தில் யாராவது பின்னணி இசை சேர்த்திருந்தால் தயவுசெய்து மியூட் பண்ணிவிட்டுப் பாருங்கள்.

இன்னொரு பரிசோதனைப் பட இயக்குநரான மாயா டெரனைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.