திறக்குமா சேர்?

அந்த ஐயா என்னிடம் கேட்டது ஒரேயொரு கேள்விதான். "சேர், நீங்க படிச்ச ஆள். சொல்லுங்க பாப்பம், இது திரும்பத் திறக்குமா?"

கிழக்கிலங்கையின் வாழைச்சேனைக் கடதாசி ஆலையின் மதிலோரம், என்னுடைய உயர்தரப் புவியியல் வகுப்புப் பிள்ளைகள் கொப்பியும் பேனையுமாகச் சுற்றி நின்றார்கள். "பழைய மாதிரித் திறக்காது ஐயா" என்றேன். கொரோனாவுக்கு முந்திய கதை இது. ஆலை அப்போது மூடிக் கிடந்தது. அந்தப் பதில் பிழை என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. ஆனாலும் மனம் அதை விடுவதாயில்லை. வகுப்பில் கைத்தொழில் பாடம் தொடங்கினால் போதும், திரும்ப அந்த மதிலோரம் போய் நின்றுவிடுகிறது.

கைத்தொழில் அமைவிடம் என்றால் நாங்கள் எல்லாரும் வெபரிடம்தான் போவோம். 1909 இல் அந்த ஜேர்மன்காரர் சொன்னதைக் கரும்பலகையில் முக்கோணம் கீறி விளங்கப்படுத்துவோம். பதப்படுத்தும்போது நிறை குறைகிற மூலப்பொருள் என்றால், ஆலை அந்த மூலப்பொருளுக்குப் பக்கத்திலேயே வரும். பிள்ளைகள் பாடமாக்கி எழுதிப் புள்ளியும் எடுத்துவிடுவார்கள். அதற்குக் கண்ணால் காணாத ஜேர்மனிய உருக்காலையை ஏன் உதாரணம் காட்ட வேண்டும்? வாழைச்சேனைக்கு பஸ் ஏறினால் போதும். வைக்கோலில் இருந்து கடதாசி செய்த ஆலை அது. ஒரு தொன் கூழ் எடுக்க இரண்டு தொன்னுக்கு மேல் வைக்கோல் வேண்டும். வைக்கோல் பாரம் குறைவு, ஆனால் லொறியை அடைக்கும். தூர இடத்திலிருந்து ஏற்றிக் கட்டாது. சுற்றிவர மட்டக்களப்பு, பொலன்னறுவை வயல்கள். பக்கத்தால் 1928 முதல் ஓடுகிற ரயில் பாதை. வைக்கோலை அவிக்கக் காஸ்டிக் சோடா பரந்தன் இரசாயன ஆலையிலிருந்து, பரந்தனுக்கு உப்பு ஆனையிறவிலிருந்து. ஜி.ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் வித்திட்ட ஆலைகள் இவை. வாழைச்சேனையில் உற்பத்தி தொடங்கியது 1956 இல். உப்பளத்திலிருந்து கொப்பித் தாள் வரைக்கும் ஒரு முழுச் சங்கிலி வடக்கு கிழக்குக்குள்ளேயே ஓடியிருக்கிறது. இதைப் படிப்பிக்காமல் வேறு எதைப் படிப்பிப்பது?

அதனால்தான் போனோம். எங்களை நடத்திக் காட்டியவர் அந்த ஐயா. ஆலையில் கூழ்ப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தெரிந்தவர் ஒருவர் மூலம் கேட்டபோது, காசு எதுவும் வேண்டாம், பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னார். வெயில் ஏறுவதற்குள் தொடங்கினோம். ரயில் பாதைப் பக்கம், குவாட்டஸ் பக்கம், ஆற்றுப் பக்கம். எங்கே வைக்கோல் லொறி வரிசையில் நிற்கும், எங்கே எடை போடுவார்கள், ஷிப்ட் மாறுகிற நேரம் எந்த வீதி சைக்கிளால் நிறையும் என்று சொல்லிக்கொண்டே நடந்தார். என் கையில் இருந்த வரைபடத்தில் அவை எதுவும் இல்லை. பிள்ளைகள் அவர் சொல்லச் சொல்லக் குறித்தார்கள்.

நடுவில் ஒரு பிள்ளையின் கொப்பியை வாங்கினார். வெறும் தாள் ஒன்றைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து மெல்லத் தேய்த்தார், வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார், பிறகு காதோடு வைத்து ஆட்டினார். "சத்தம் இல்ல பாருங்க. இது மரக்கூழ். நம்மட வைக்கல் தாள் எண்டா சடசடக்கும். கண்ண மூடிட்டுக் கேட்டாலும் நான் சொல்லுவன்." வைக்கோலின் நார் குட்டை, அந்தக் கூழில் செய்த தாள் விறைப்பாக இருக்கும், ஆட்டினால் சடசடக்கும். இது எனக்குப் பிறகு வாசித்துத் தெரிந்தது. அவருக்கு விரலிலேயே இருந்தது. பிள்ளைகள் எல்லாரும் தங்கள் தங்கள் கொப்பித் தாளை ஆட்டிப் பார்த்தார்கள். என்னுடைய வகுப்பில் அவ்வளவு கவனத்தை நான் கண்டதில்லை.

அதற்குக் கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் அந்தக் கேள்வி.

நான் வெறுமனே "திறக்காது" என்று சொல்லி நிறுத்தவில்லை. காரணமும் சொன்னேன். 1977 இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு வெளிநாட்டுக் கடதாசியோடு விலையில் போட்டி போட வேண்டி வந்தது, இயந்திரங்கள் பழசு, எரிபொருள் செலவு கூட, அப்புறம் யுத்தம். பெரிய அளவில் மரக்கூழ் எடுக்கிற நாடுகளின் விலைக்கு வைக்கோல் கூழால் இறங்க முடியாது. வைக்கோலில் சிலிக்கா அதிகம். அவித்த பிறகு மிஞ்சுகிற கறுப்புத் தண்ணீரில் இருந்து இரசாயனத்தைத் திரும்ப எடுப்பது கஷ்டம். அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டால் இன்றைக்கு எந்தச் சுற்றாடல் சட்டமும் பழையபடி விடாது. இதெல்லாம் உண்மை. பிள்ளைகளுக்கும் அது நல்ல பாடம்தான். ஒரு ஆலை வந்ததற்கு மட்டுமல்ல, போனதற்கும் புவியியல் காரணம் உண்டு என்று அவர்கள் அங்கே நின்று விளங்கிக்கொண்டார்கள்.

அவர் உடனே விடவில்லை. "அப்ப ஹிங்குராண சீனி ஆலை திறந்தாங்களே சேர்? அதுவும் மூடித்தானே கிடந்தது?"

நல்ல கேள்வி. அம்பாறையில் பல வருடம் மூடிக் கிடந்த அந்த ஆலையைத் தனியார் பங்கோடு திரும்ப இயக்கினார்கள். கல்லோயாக் காணிகளில் திரும்பவும் கரும்பு வந்தது. நான் சொன்னேன்: கரும்பு ஆலைக்கென்றே நடுகிற பயிர் ஐயா, சுற்றியுள்ள காணியே அதற்குத்தான். வைக்கோல் அப்படியில்லை, அது நெல்லோடு வருகிற மிச்சம். கந்தளாய் சீனி ஆலை திறக்கவில்லையே என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "ஓம், சரிதான்" என்றார். பிறகு முன்போலவே நடந்து, பிள்ளைகளை பஸ் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். குரலில் மாற்றம் இல்லை. தண்ணீர்ப் போத்தலை வாங்கிக் குடித்தார். என்னோடு கைகுலுக்கினார்.

கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் ஒரு மாணவி முன் சீட்டுக்கு வந்தாள். "சேர், அவர் நம்மளோட இவ்வளவு நேரம் வெயிலுக்க நடந்தாரே. ஓம் எண்டு சொல்லியிருக்கலாமே." பின்னாலிருந்த ஒரு பையன், வவுணதீவுப் பக்கம் வயல் செய்கிற வீட்டுப் பிள்ளை, "பொய் சொல்லச் சொல்றியா?" என்றான். இரண்டு பக்கமாகப் பிரிந்து ஏறாவூர் வரும்வரை வாதாடினார்கள். நான் இடையில் போகவில்லை. ஆசிரியரின் பதிலைப் பிள்ளைகள் வாதிக்கிறார்கள் என்பதே ஒரு நல்ல களப்பயணத்தின் அடையாளம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதையும் நான் இன்னும் நம்புகிறேன்.

ஆனால் அந்த மாணவி சொன்னதில் ஒரு விஷயம் உண்டு. "ஓம்" என்று சொல்வது ஒன்று, "திறக்காது" என்று சொல்வது ஒன்று. இவை இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருந்தது. "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் ஐயா?" என்று கேட்டிருக்கலாம். அந்த ஆலைக்குள் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர் அவர். முக்கோணம் கீறியவன் நான். அப்படிக் கேட்டிருந்தால் பிள்ளைகளுக்கு இன்னும் எவ்வளவோ கிடைத்திருக்கும். அதே நேரம், வயதான ஒரு மனிதர் நேருக்கு நேர் பார்த்துக் கேட்கும்போது, கேள்வியைத் திருப்பிப் போட்டு நழுவுவதும் ஒரு மரியாதையா? நேரே கேட்டார், நேரே சொன்னேன். அவரைச் சிறுபிள்ளையாக நினைத்து ஆறுதல் சொல்லவில்லை. இந்த இரண்டு எண்ணத்துக்கும் நடுவில்தான் நான் இன்னும் நிற்கிறேன்.

யுத்தத்தை ஒரே சொல்லில் தாண்டியதையும் யோசிப்பேன். விலை, எரிபொருள், சிலிக்கா எல்லாவற்றுக்கும் வசனம் இருந்தது; அதற்கு மட்டும் ஒரு சொல். வீதியோரத்தில், பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அந்தப் பகுதியில் அதைத் திறந்தால் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியாது. அவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இருவரும் சொல்லாமலே ஒத்துக்கொண்டோம் என்று வைத்துக்கொள்கிறேன். அவர் ஒத்துக்கொண்டாரா, நான் தொடாததால் அவரும் விட்டாரா என்பது வேறு.

பிறகு நடந்தவைதான் என்னை இன்னும் குழப்பின. கொஞ்சக் காலம் கழித்து, கழிவுக் கடதாசியை மூலப்பொருளாக வைத்து ஆலையில் மீண்டும் உற்பத்தி தொடங்குகிறது என்று செய்தி வந்தது. முதலில் நினைவுக்கு வந்தது அவர் முகம்தான். "பழைய மாதிரி" என்று நான் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி: வைக்கோல் இல்லை, பழைய ஆளணி இல்லை. ஆனால் கேற் திறந்தது. அவர் கேட்டது கேற்றைப் பற்றியா, வைக்கோலைப் பற்றியா?

அதுக்கப்புறம் 2022. டொலர் இல்லை, கடதாசி இல்லை. மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளைத் தள்ளிப்போட்டார்கள். வினாத்தாள் அடிக்கத் தாள் இல்லாமல் பாடசாலைகள் தவித்தன. கொப்பி விலை ஏறியதில் ஒரு கொப்பியை முன்னும் பின்னும் எழுதி முடிக்கிற பிள்ளைகளை நான் வகுப்பில் கண்டேன். வெளிநாட்டுக் கடதாசி மலிவு என்று மதிலோரம் நான் சொன்ன கணக்கில், டொலர் எப்போதும் கிடைக்கும் என்ற ஒரு நம்பிக்கை ஒளிந்திருந்தது. அதைப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு பக்கம் அப்படி. மறுபக்கம், அந்தப் பழைய ஆலை ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் என்ன, பொயிலருக்கு எண்ணெய்க்கும் இரசாயனத்துக்கும் அதே டொலர்தானே வேண்டும். பரந்தன் ஆலையே 1985 இல் நின்றுவிட்டதே என்று வாதாடுவேன். யாரோடு வாதாடுகிறேன் என்று கேட்டால், அவரோடுதான். அவர் எதிரில் இல்லை, அவ்வளவுதான்.

என்னோடு படிப்பிக்கும் ஒருவர், இனிமேல் பிள்ளைகளை வாவி கடலோடு சேருகிற முகத்துவாரத்துக்குக் கூட்டிப் போ என்கிறார். மணல்மேடு மாரியில் எப்படி உடைகிறது, கோடையில் எப்படி அடைகிறது என்று காட்டலாம். என்ன சொன்னாலும் யார் மனமும் நோகாது. நல்ல இடம்தான், அங்கேயும் போகிறோம். ஆனால் அந்த மணலும் கேள்வி இல்லாத மணல் இல்லை. எப்போது வெட்டித் திறப்பது என்பதில் வயல்காரருக்கு ஒரு நியாயம், மீன்பிடிக்கிறவருக்கு வேறு நியாயம். கேள்வி கேட்க ஆள் இல்லாத நிலத்தில் புவியியல் படிப்பிக்க எனக்கு விருப்பமும் இல்லை.

பஸ்ஸில் "பொய் சொல்லச் சொல்றியா" என்று கேட்ட பையன் அறிக்கையில் ஒரு பந்தி எழுதியிருந்தான். முன்பு கதிர்க்கட்டுகளைச் சூடாகக் குவித்துக் களத்தில் மிதித்தபோது வைக்கோல் ஒரே இடத்தில் குவியும், லொறியில் ஏற்றலாம். இப்போது வெட்டும் மிசின் போகிற வழியெல்லாம் வைக்கோலைச் சிந்திவிட்டுப் போகிறது, கூட்டி எடுக்கக் கூலி கட்டாது, அதனால் வயலிலேயே கொளுத்துகிறார்கள் என்று. வெபரில் இது இல்லை. மதிலோரம் நான் சொன்ன காரணங்களிலும் இல்லை. ஆனால் வைக்கோல் ஆலை திரும்ப வருமா என்ற கேள்விக்கு இதை விட நெருக்கமான பதில் எதையும் நான் வாசிக்கவில்லை. இது "திறக்காது" என்பதற்கு இன்னொரு காரணமா, அல்லது கூட்டிக் கட்டுகிற ஒரு மிசின் வந்தால் திறக்கலாம் என்பதற்கான வழியா என்று அவன் எழுதவில்லை. நானும் கேட்காமல் புள்ளி போட்டுவிட்டேன்.

இந்த முறை பெரும்போக அறுவடை முடிந்த கையோடு முதலில் வயலுக்குப் போகப் போகிறோம். ஒரு சதுர மீற்றருக்குச் சட்டம் வைத்து, அதற்குள் கிடக்கிற வைக்கோலைக் கூட்டி நிறுத்து, ஏக்கருக்கு எவ்வளவு என்று பிள்ளைகள் கணக்கெடுப்பார்கள். கூட்டக் கூலி, லொறி வாடகை எல்லாம் அவர்களே விசாரிக்க வேண்டும். அந்த ஐயாவிடமும் பேசினேன். வயலுக்கும் வருகிறேன் என்றார். ஈரத்தோடு நிறுத்தால் கணக்குப் பிழைக்கும், ஒரு வெயில் காயவிட்டு நிறுங்கள் என்றும் சொன்னார். கேள்வியைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அந்தப் பையனின் தகப்பனார் தன்னுடைய வயலில் கொளுத்தாமல் ஒரு பகுதியை எங்களுக்காக விட்டுவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.