எட்டுப் பெயர்கள் இருந்த இடம்

"ஐயா, மூலத்தில் இந்த இடத்தில் எட்டுப் பெயர்கள் இருக்கின்றன. நம் மொழிபெயர்ப்பில் காணவில்லையே?" என்று கேட்டார், மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்த இளம் உதவி ஆசிரியர். "பெயர்கள் எதற்கம்மா, செய்தி வந்துவிட்டதல்லவா?" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு போனார். நூல் அப்படியே அச்சாகி வெளிவந்தது. சொல்லும்போதே அந்தப் பதிலில் எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை.

மூலம், எசெக்ஸ் மாவட்டத்து ராட்விண்டர் என்னும் சிற்றூரில் பங்குக் குருவாக இருந்த வில்லியம் ஹாரிசன் எழுதிய இங்கிலாந்து விவரணம். 1577-இல் முதலில் வந்து, 1587-இல் விரிவாக்கப்பட்ட நூல். சந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது, அங்கே விற்ற தலைக்கேறும் 'ஏல்' மதுவுக்குக் குடிப்பவர்கள் இட்டிருந்த பெயர்களை ஹாரிசன் வரிசையாகத் தருகிறார்: தொப்பிதூக்கி, வெறிநாய், பிறப்பைப் பழிக்கும் ஒரு வசவு, தேவதூதர் உணவு, டிராகன் பால், சுவரோரம் போ, காலை அகட்டி வை, காலைத் தூக்கு. இந்த எட்டையும் நான் "கடுமையான மதுவகைகள் பல பட்டப்பெயர்களால் வழங்கின" என்ற ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட்டேன்.

எனக்குக் காரணங்கள் இருந்தன. அவற்றை இன்றும் முழுக்கத் தள்ள முடியவில்லை. 'காலை அகட்டி வை' என்பதைச் சுருக்கி 'அகலக்கால்' என்று எழுதினால், தமிழ் வாசகர் வரவுக்கு மீறிய செலவை நினைப்பாரே தவிர, தள்ளாடாமல் நிற்கக் காலை விரித்து நடக்கும் குடிகாரனை நினைக்கமாட்டார். 'தேவதூதர் உணவு' இன்னும் சிக்கலானது. வனாந்தரத்தில் வானிலிருந்து பொழிந்த மன்னா என்னும் உணவை விவிலியத்தின் 78-ஆம் சங்கீதப் பாடல் அப்படித்தான் குறிக்கிறது. ஞாயிறுதோறும் கோயிலில் சங்கீதம் கேட்டவர்களின் காதில் அந்தப் பெயர் எப்படி ஒலித்திருக்கும் என்பதை அடிக்குறிப்பில்லாமல் காட்ட வழியில்லை. எட்டுப் பெயர்களுக்கு எட்டு அடிக்குறிப்புகள் போட்டால் ஒரு பக்கமே அவற்றின் கீழ் அமுங்கிவிடும்.

ஆனால் இந்தக் காரணங்களெல்லாம் அந்தக் கேள்விக்குப் பிறகு நான் தேடிக் கண்டெடுத்தவை. உண்மையில் என் கையைத் தடுத்தது மூன்றாவது பெயர் ஒன்றுதான். அதற்கு நேரான தமிழ்ச்சொல் தெருவில் நாள்தோறும் காதில் விழுவதுதான் என்றாலும், முப்பதாண்டுக் காலத் தொழிலில் அதை நான் ஒருமுறையும் எழுதியதில்லை. அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஏழையும் வைத்தால் விட்டது தெரிந்துவிடும். எட்டையும் விட்டால் தெரியாது. இப்படித்தான் முடிவெடுத்தேன்.

ஒரு குருவே அதை எழுதியிருக்கிறார் என்பது அப்போது என் மனத்தில் படவில்லை. குடியைக் கண்டிக்கத்தான் எழுதுகிறார். ஆனால் ஒதுங்கி நின்று கண்டிப்பவர் அல்லர். அவர் வீட்டிலேயே மாதம் ஒருமுறை மனைவியும் பணிப்பெண்களும் பியர் காய்ச்சினார்கள். இருபது ஷில்லிங் செலவில் இருநூறு காலன் கிடைத்தது என்று கணக்கும் எழுதி வைத்திருக்கிறார். மதுக்கடைப் பெண்கள் ஏலில் குங்கிலியமும் உப்பும் கலப்பதைக் கண்டுபிடிக்க அவர் சொல்லும் வழியைப் படித்தால் போதும்: கத்தியைச் செக்கச்செவேலெனப் பழுக்கக் காய்ச்சிக் கோப்பையின் அடிமட்டம்வரை விட்டு அவித்தால், வெளியே எடுக்கும்போது குங்கிலியம் கத்தியில் தொங்கிக்கொண்டு வருமாம். இவ்வளவு நெருங்கிப் பார்த்தவர் கேட்ட பெயர்களையும் கேட்டபடியே எழுதினார். அவர் காதால் கேட்டதை நான் வாசகரின் காதுக்குப் போகவிடவில்லை.

தமிழில் இதற்கு இடமில்லை என்றும் சொல்ல முடியாது. 1785-இல் வந்த பிரான்சிஸ் குரோசின் ஆங்கிலக் கொச்சைச்சொல் அகராதியில் 'ஸ்டிங்கோ' என்ற பெயர் கடும் பியரைக் குறிக்கிறது; கொட்டுதல் என்ற வினையிலிருந்து பிறந்த பெயர். "தேட்கடுப் பன்ன நாட்படு தேறல்" என்று புறநானூற்றில் ஔவையார் பாடியிருக்கிறார். நாள்பட்ட கள்ளின் கடுப்பைத் தேளின் கொடுக்கில் கண்ட மொழியில் ஒரு வசவைக் கண்டு பின்வாங்கியவன் நான். ஆனாலும் தேளும் வசவும் ஒன்றாகிவிடுமா என்று உடனே எதிர்க்கேள்வியும் எழுகிறது. நம் நூலைப் படிப்போரில் கல்லூரி மாணவர்கள் பலர். அவர்களை நினைத்துத்தான் விட்டேன் என்று சில நாட்கள் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். வேறு சில நாட்களில் அது எடுபடுவதில்லை.

அன்றைய மெய்ப்பை அண்மையில் மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் உதவி ஆசிரியர் பென்சிலால் எட்டுப் பெயர்களுக்கும் தமிழ் எழுதி வைத்திருந்தார். மூன்றாவதையும் அழித்தல் திருத்தல் இல்லாமல், மற்ற ஏழைப் போலவே நிதானமான கையெழுத்தில் எழுதியிருந்தார். என்னிடம் கேட்கும்போதே அது அங்கே இருந்திருக்கிறது. நான் தாளைப் பார்க்காமலே பதில் சொல்லியிருக்கிறேன். அவர் முன்னால் அந்தச் சொல்லைப் பேச வேண்டிவருமே என்ற கூச்சமும் அந்தப் பதிலில் கலந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அவருக்கு அந்தக் கூச்சம் இருக்கவில்லை.

இரண்டாம் பதிப்புக்கான தாள்கள் இப்போது என் மேசையில் இருக்கின்றன. என் வாக்கியத்தை அடித்துவிட்டு, அவர் எழுதியவற்றில் ஏழு பெயர்களைப் படியெடுத்திருக்கிறேன். மூன்றாவது பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன், இன்னும் நிரப்பவில்லை.