உக்ரேனியக் கதைகளில் பெண்ணின் பின்னலும் இடுப்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு உக்ரேனியக் கதை எதைப் படித்தாலும், பெண் பாத்திரம் வாய் திறப்பதற்கு முன் அவள் தலையைப் பாருங்கள். மணமாகாதவள் என்றால் ரிப்பன் வைத்த பின்னல், மூடாத தலை. கல்யாணச் சடங்கில் அந்தப் பின்னலைப் பிரித்துத் துணியால் மூடிவிடுவார்கள். மணமாகாமல் தாயானவளுக்கும் ஊர் தலையை மூடும். சடங்கு மட்டும் கிடையாது. அவள் 'பொக்ரித்கா', மூடப்பட்டவள்.

இது தெரியாமல் உக்ரேனியக் கவிஞர் தாராஸ் ஷெவ்சென்கோவின் 'கதெரினா'வைப் படித்தால் பாதி நழுவிப்போகும். 1840இல் 'கொப்ஸார்' தொகுப்பில் வந்த கதைப்பாடல் அது. ரஷ்யப் படைக்காரன் ஒருவன் அவளைக் காதலித்துக் கைவிடுகிறான். அவள் குழந்தையோடு அவனைத் தேடிப் போகிறாள். பனியில் எதிர்ப்பட்ட அவனே விரட்டிவிட, குளத்தில் மாய்கிறாள். 1842இல் ஷெவ்சென்கோவே இதை ஓவியமாகவும் தீட்டினார்: வெறுங்கால், தாழ்ந்த கண்கள், கர்ப்பத்தை மறைக்கத் தூக்கிப் பிடித்த முன்துணி, தூரத்தில் குதிரையில் போகும் அவன்.

கதெரினா உக்ரைன், அவன் பேரரசு என்று உருவகப்படுத்திப் பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அது போதாது. அவளை வீட்டைவிட்டு அனுப்பியவர்கள் பெற்றவர்கள். மார்க்கோ வொவ்சோக்கின் 'கொஸாச்கா' கதையிலோ அந்நியப் படைக்காரனே இல்லை. சுதந்திரக் குடியில் பிறந்த ஒலேஸ்யா பண்ணை அடிமை ஒருவனை மணந்ததால் தானும் பண்ணையாரின் உடைமையாகிறாள். அதாவது சட்டமும் ஊரும் சேர்ந்தே அந்த உடலை ஆள்கின்றன.

வசதியான வீடுகளில் மொழியும் பழக்கமும் மாறும் விதம் வேறு. நெச்சுய்-லெவித்ஸ்கியின் 'மேகங்கள்' (1874) நாவலில் கீவ் பேராசிரியர் தாஷ்கொவிச்சின் மகள் ஒல்கா, மேட்டுக்குடிப் பெண்களுக்கான விடுதிப் பள்ளியில் வளர்கிறாள். நடை, உடை, வணக்கம், பேச்சு எல்லாம் அங்கே திருத்தப்படுகின்றன. யாரும் அவளை அடிக்கவில்லை. அழகாக இருக்கக் கற்றுக்கொடுத்தார்கள், அவ்வளவுதான். பிறகு அவளைக் காதலிக்கும் இளைஞன் ராத்யுக் நாட்டுப்புற உடையில் வந்து நின்றால் அவளுக்குப் பிடிப்பதில்லை. ஷெவ்சென்கோவின் கண்ணீரைவிட இதுதான் எனக்கு அதிக அச்சம் தருகிறது: இங்கே இழந்தவளுக்கே இழப்பு தெரியவில்லை.

பனாஸ் மிர்னியின் 'பொவியா' (விலைமகள்) நாவல் கிராமத்துப் பெண்ணின் வீழ்ச்சி, நகரத்தின் மாற்றம் இரண்டையும் இணைக்கிறது. கிராமத்துக் கிறிஸ்த்யா நகரத்துக்கு வேலைக்காரியாகப் போகிறாள்; பாடகியாக, வைப்பாக, விலைமகளாக ஆகிறாள். நோய் அவள் முகத்தைத் தின்றபின் ஊர் திரும்பிப் பனியில் உறைந்து சாகிறாள். உக்ரேனிய அச்சை முடக்கிய 1876 எம்ஸ் ஆணைக்குப் பின், 1883-84இல் இதன் முதல் இரண்டு பாகங்கள் மட்டும் 'ராதா' தொகுப்பில் வந்தன. முழு நாவல் அச்சேற 1928 ஆயிற்று.