தென்சுவரில் காலை நீட்டக் கூடாது

ஏப்ரல் 6, 2025, ஞாயிறு

வங்கியின் ஆண்டுக் கணக்கு முடிந்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் முடியவில்லை. இந்த முறை மார்ச் 31 ரம்ஜான் பண்டிகை நாள். ஆனாலும் அரசு வரவு செலவுக்காகக் கிளையைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டார்கள். அன்று இரவு ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தபோது பசியும் இல்லை, தூக்கமும் இல்லை. அதுமுதல் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. விழித்த கையோடு மனம் வாராக்கடன் பட்டியலைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது.

டாக்டர் தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை எல்லாம் பார்த்தார். எதிலும் குறையில்லை. "உங்களுக்கு இருப்பது பர்ன்அவுட்" என்றார். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை நோய்களோடு சேர்க்காமல், வேலையிடத்தில் தீராமல் தேங்கிய அழுத்தத்தின் விளைவு என்று வகைப்படுத்தியிருக்கிறது. அடையாளங்கள் மூன்று: சக்தி வற்றிய களைப்பு, வேலையின் மீது கசப்பும் விலகலும், செய்வது எதுவும் உருப்படவில்லை என்ற எண்ணம். முதல் இரண்டைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. தாலிக்கொடியை மீட்க வந்த ஒரு பாட்டி, வட்டிக்கு நூறு ரூபாய் குறைகிறதென்று கவுன்டரில் நின்று அழுதார். எனக்கு வந்தது எரிச்சல் மட்டும்தான்.

யோகா என்றாலே எனக்குப் பயம். முன்பு ஒரு வகுப்பில் விடிவதற்குள் சூரிய நமஸ்காரத்தை எண்ணி எண்ணிச் செய்ய வைத்தார்கள். அங்கேயும் இலக்குதான். இப்போது தோழி சொல்வது வேறு வகை, படுத்துக்கொண்டே செய்வதாம். தில்லைநகரில் ஒரு டீச்சர் இருக்கிறாராம்.

ஏப்ரல் 12, சனி

இரண்டாம் சனி, விடுமுறை. போனேன்.

டீச்சர் வீட்டு மாடி அறை கல்யாண வீட்டுச் சாமான் அறைபோல இருந்தது. மடித்த போர்வைகள், உருளைத் தலையணைகள், மரக்கட்டைகள், பெல்ட்டுகள், முதுகுச் சாய்மானம் கழற்றிய இரும்பு நாற்காலிகள். இவையெல்லாம் யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் வழியில் வந்தவை. 1918இல் கர்நாடகத்தின் பெள்ளூரில் பிறந்தவர் அவர். சிறு வயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று மாறி மாறிப் படுத்தவர். மைசூரில் கிருஷ்ணமாச்சாரியாரிடம் பயின்று, புனேயில் நிலைபெற்றார். முடியாத உடம்பு எப்படியிருக்கும் என்று தெரிந்தவர் என்பதால்தான் கட்டையும் கயிறும் அவர் கைக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். அவரிடம் படித்த அமெரிக்கப் பெண்மணி ஜூடித் லாசட்டர், ஓய்வு தரும் ஆசனங்களை மட்டும் தனியே எடுத்து உலகம் முழுக்கப் பரப்பினார்.

எனக்குக் கிடைத்த முதல் ஆசனம் சுப்த பத்த கோணாசனம். உருளைத் தலையணையை முதுகுத்தண்டின் வாக்கில் வைத்து, அதன் நுனியில் இடுப்பு ஒட்டும்படி உட்கார்ந்து பின்னால் சாய வேண்டும். தலைக்கு அடியில் மடித்த போர்வை. நெற்றி மோவாயைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். பாதங்கள் இரண்டும் ஒட்ட, முழங்கால்கள் பக்கத்துக்கு ஒன்றாக விழுகின்றன. அவை தொங்காதபடி இரு தொடைகளுக்கும் அடியில் சுருட்டிய போர்வைகள். கண்ணுக்கு மேல் துணிப்பட்டை. இத்தனையும் அடுக்குவதற்கே கால் மணி நேரம் ஆனது.

"தொடையில் இழுப்பு தெரிகிறதா?" என்று கேட்டார் டீச்சர்.

"கொஞ்சம் தெரிகிறது, ஆனால் தாங்கும்" என்றேன் பெருமையாக.

"தாங்க வேண்டாம்" என்று இன்னொரு போர்வையைத் திணித்தார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரிடம் தொடரலாம் என்று தோன்றுகிறது. என் வேலையில் யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. மற்றபடி இளைப்பாறல் எல்லாம் ஒன்றும் கிடைக்கவில்லை. பத்து நிமிடமும் நகைக்கடன் புதுப்பிப்புகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

வீட்டில் விபரீத கரணி. பெயர்தான் பயங்கரம். இடுப்புக்கு அடியில் மடித்த ஜமுக்காளம், சுவரில் சாய்த்த கால்கள், அவ்வளவே. ஐந்து நிமிடத்தில் தொடங்கிப் பத்து, பதினைந்து வரை போகலாம். நாள் முழுக்க நாற்காலியில் தொங்கி வீங்கிய கால்களுக்கு இதைவிட நல்லது நான் கண்டதில்லை.

சிக்கல் சுவரில் வந்தது. எங்கள் கூடத்தில் காலியாக இருப்பது தென்சுவர் மட்டும்தான். அதில் காலைச் சாய்த்தால் தலை வடக்கே போகிறது. அத்தை பார்த்துவிட்டார்.

"வடக்கே தலை வைத்துப் படுப்பார்களா, அம்மா? அதுவும் விளக்கு வைத்த நேரத்தில்!"

"படுக்கவில்லை அத்தை, ஆசனம்."

"கண்ணை மூடிக்கொண்டு மல்லாந்து கிடப்பதற்கு என்ன பெயர் வைத்தால் என்ன?"

பதில் சொல்லத் தெரியவில்லை. மேற்குச் சுவரில் டிவி, வடக்குச் சுவரில் பீரோ. டிவியை நகர்த்தும் பேச்சுக்கே இடமில்லை, அத்தையின் தொடர்கள் இருக்கின்றன.

ஏப்ரல் 18, வெள்ளி

புனித வெள்ளி விடுமுறை. கண்விழித்து வெளியே வந்தால் பீரோ தென்சுவரில் நிற்கிறது. அத்தையும் அவர் மகனுமாகச் சேர்ந்து தள்ளியிருக்கிறார்கள். இனி தெற்கே தலை. விளக்கேற்றி அரை மணி கழித்துப் படுக்க வேண்டும் என்பது உடன்படிக்கை.

ஏப்ரல் 22, செவ்வாய்

மூச்சு விடுவதை இழுப்பதைவிட நீளமாக்கச் சொன்னார் டீச்சர். நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும். காரணமும் சொன்னார். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைகிறது, விடும்போது தணிகிறது. தணிப்பது வேகஸ் நரம்பின் வேலை. மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தேன், உண்மைதான். இதற்குப் பாயும் வேண்டாம், சுவரும் வேண்டாம். ஒரு டோக்கனுக்கும் அடுத்த டோக்கனுக்கும் நடுவே கவுன்டரிலேயே செய்தேன். வாடிக்கையாளர் ஒருவர், "மேடம், சர்வர் வேலை செய்யவில்லையா?" என்று கேட்டார்.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்று தொடக்கம். மின்வெட்டு வேறு. மொசைக் தரையில் சவாசனம்.

எளிது என்று நினைப்பவர்கள் செய்து பார்க்கட்டும். பதினைந்தாம் நூற்றாண்டின் யோக நூலான ஹட யோகப் பிரதீபிகையே இதைக் களைப்பை நீக்கி மனத்துக்கு ஓய்வு தருவது என்றுதான் சொல்கிறது. ஆனால் அசையாமல் கிடந்தால் முதலில் மேலே வருவது ஓய்வல்ல, கோபம். போன ஆண்டு ஒரு கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் என் கிளையின் எண்களைப் படித்துக் காட்டியவரோடு இன்று முழுமூச்சாக வாதாடினேன், வாயைத் திறக்காமலே. நல்ல பதில்களெல்லாம் தரையில் கிடக்கும்போதுதான் வருகின்றன.

டீச்சரிடம் போனில் கேட்டேன். நிறையப் பேருக்கு இப்படி நடக்குமாம். படபடப்பு கூடினால் கண்ணைத் திறந்துவிடலாம், பக்கவாட்டில் திரும்பிப் படுக்கலாம், எழுந்து உட்காரலாம். பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. தூக்கம் வந்தால்? "வரட்டும். பாக்கி இருப்பதை உடம்பு வசூல் பண்ணிக்கொள்கிறது" என்றார். வங்கிக்காரிக்குப் புரிகிற மொழி.

மே 9, வெள்ளி

ஆடிட். ஒன்றும் செய்யவில்லை.

மே 18, ஞாயிறு

அத்தைக்கும் ஆசை வந்துவிட்டது. அவருக்குக் கண்ணில் அழுத்தம் அதிகம், தினமும் சொட்டு மருந்து விடுகிறார். குளுக்கோமா உள்ளவர்களும் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்களும் தலை தாழ்ந்து இடுப்பு உயரும் நிலைகளைத் தவிர்க்க வேண்டும் என்பதால் விபரீத கரணி அவருக்கு இல்லை. கண் டாக்டரிடமும் டீச்சரிடமும் கேட்டுக்கொண்டு வேறு ஏற்பாடு செய்தோம். இடுப்பைத் தரையிலேயே வைத்து, கெண்டைக்கால்களை மட்டும் நாற்காலியின் இருக்கையில் போட்டுக்கொள்கிறார், தலைக்கு நல்ல உயரமான தலையணையோடு. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும் என்ற விதியைக் கேட்டு, தன் காபி நேரத்தையே மாற்றிக்கொண்டார். எழும்போது வலப்பக்கம் புரண்டு, சற்றுப் பொறுத்து, கையை ஊன்றி எழ வேண்டும். இதை அவர் என்னைவிட ஒழுங்காகச் செய்கிறார்.

மே 24, சனி

தூக்கம் மேம்பட்டிருக்கிறது. மூன்று மணிக்கு விழித்தாலும் நாலரைக்குள் மறுபடி கண்ணயர முடிகிறது. தோள் காதருகிலிருந்து இறங்கியிருக்கிறது.

ஆனால் திங்கட்கிழமையை நினைத்தால் வயிறு அதேபோல்தான் கலங்குகிறது. டீச்சரிடம் இன்று அதைச் சொன்னேன். "போர்வை மடிப்பதால் உங்கள் கிளைக்கு ஆள் வந்துவிடுமா?" என்று கேட்டார். வராது. கவுன்டரில் மூன்று பேர் இருந்த இடத்தில் இருப்பது ஒருவர். நகை மதிப்பீட்டைச் சரிபார்ப்பது, ஏடிஎம்முக்குப் பணம் நிரப்புவது, இதற்கு நடுவே காப்பீட்டுப் பாலிசி விற்பது எல்லாம் என் தலையில். இந்த ஓய்வு, இன்னும் கொஞ்சம் சுமை ஏற்றிக்கொள்ள உதவும் என்றால் எனக்கு அது வேண்டாம். இத்தனை நாள் இருந்த மயக்கத்தில் சுமை எவ்வளவு என்றுகூடத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

மாலையில் உட்கார்ந்து வேலைகளை மணிக்கணக்கோடு பட்டியலிட்டு, ஒரு எழுத்தரைக் கேட்டு மேலிடத்துக்குக் கடிதம் எழுதினேன். இரண்டே பக்கம். கெஞ்சல் ஒரு வரிகூட இல்லை.

ஜூன் 20, வெள்ளி

சுற்றறிக்கை வந்திருக்கிறது. நாளை சர்வதேச யோகா தினம். காலை ஏழு மணிக்கு ஊழியர் அனைவரும் கிளை வாசலில் யோகா செய்து, பத்து மணிக்குள் படம் அனுப்ப வேண்டும். நாளை மூன்றாம் சனி, முழு வேலை நாள். அதே மின்னஞ்சலின் இரண்டாவது பத்தியில் காலாண்டுப் பாலிசி இலக்கு. ஐ.நா. 2014 டிசம்பரில் இந்த நாளை அறிவித்தது. முதல் ஆண்டே தில்லி ராஜபாதையில் முப்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடிக் கின்னஸ் சாதனை செய்தார்கள். கூட்டமாகச் செய்வதை நான் குறை சொல்லவில்லை. தூங்காதவர்களை விடியலில் வரிசையில் நிறுத்திச் சிரிக்கச் சொல்வதைத்தான் சொல்கிறேன்.

என் கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. படத்தில் நான் இருக்க மாட்டேன் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். "சரி மேடம், நீங்கள் படம் எடுங்கள்" என்றார், பாவம். அவருக்கும் தூக்கமில்லை என்பது முகத்தில் தெரிகிறது.

ஜூன் 28, சனி

பதில் வந்துவிட்டது. ஜூலையிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் பக்கத்துக் கிளையிலிருந்து ஒருவர் வருவார். பாலிசி இலக்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எந்த இரண்டு நாள் என்று எழுத்தில் கேட்டு அனுப்பியிருக்கிறேன். திங்கள், வெள்ளி தவிர வேறு நாளைச் சொன்னால் மறுபடி எழுதுவேன்.

மேலாளர் டீச்சரின் எண்ணைக் கேட்டார், கொடுத்தேன்.