அருந்ததியைப் பார்த்த மாசி மாதம்

பிரான்சுக்கு வந்த இரண்டாவது வருஷம், கூட வேலை பார்த்த பெண்ணுக்குக் கல்யாணம். பாரிசுக்கு வடக்கே சார்செலில், மேரியில் நடந்தது. நம் புதுச்சேரி கடற்கரைச் சாலையிலும் மேரி உண்டே, அதே நகராட்சி அலுவலகம்தான். இங்கே சட்டப்படி மேரியில் மணம் முடித்த பிறகுதான் சர்ச்சுக்குப் போகலாம். மூவண்ணப் பட்டை அணிந்தவர் சட்டத்தைப் படித்தார்: கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் மரியாதை, விசுவாசம், உதவி, ஆதரவு கடமைப்பட்டவர்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முத்தியால்பேட்டை மண்டபத்தில் ஐயர் எனக்காகச் சொன்னதில் ஒரு வார்த்தைக்கும் எனக்கு அர்த்தம் தெரியாது.

வெள்ளை கவுன் ஏன் என்று அவளிடம் கேட்டேன். 1840இல் விக்டோரியா மகாராணி வெள்ளை உடுத்தி மணந்த பிறகு பரவிய வழக்கமாம். அதற்கு முன் எந்த நிறமானாலும் இருப்பதில் நல்ல உடைதான். அப்புறம் அவள் என் மெட்டியைக் காட்டி, "இது எதற்கு?" என்றாள். கல்யாணமானவர்கள் போடுவது என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அது மனசை அறுத்தது.

அன்று ராத்திரியே அம்மாவுக்குப் போன் போட்டேன். "அம்மி மிதிச்சப்போ மாப்பிள்ளை உன் காலைப் பிடிச்சுப் போட்டாரேடி" என்றாள். அந்த மந்திரத்தைத் தேடிப் படித்தேன். 'இந்தக் கல்லின் மேல் ஏறு, கல்லைப் போல் உறுதியாக நில்' என்கிறது. மெட்டி கருப்பை நரம்பைத் தூண்டுகிறது என்று சொல்வதை நான் நம்பவில்லை. ஊர் விட்டு ஊர் வந்தவளுக்கு இந்த அர்த்தமே போதும்.

நலங்கைப் பற்றித் தேடும்போது அகநானூற்றின் 86ஆம் பாட்டு கிடைத்தது. பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் கூடி, பூவும் நெல்லும் கலந்த நீரால் மணப்பெண்ணை நீராட்டி வாழ்த்துகிறார்கள். தாலியும் தீவலமும் அதில் இல்லை. என் அத்தைமார் மஞ்சள் பூசிய கைகள்தான் நினைவுக்கு வந்தன.

அருந்ததி மட்டும் பாக்கி. எங்கள் முகூர்த்தம் காலை 9 மணிக்கு. ஐயர் மண்டபக் கூரையைக் காட்டினார், நான் தலையாட்டினேன். சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடுவில் இருப்பது வசிஷ்டர், அவரை ஒட்டி மங்கலாகத் தெரிவது அருந்ததி. ஐப்பசி, கார்த்திகை முன்னிரவில் புதுச்சேரியில் அவர்களைப் பார்க்க முடியாது, அடிவானத்துக்குக் கீழே போய்விடுவார்கள். பாரிஸ் அவ்வளவு வடக்கே இருப்பதால் இங்கே அவர்கள் மறைவதே இல்லை. மேகம் இல்லாவிட்டால் வருஷம் முழுக்கப் பார்க்கலாம்.

போன மாசியில் ஒரு நாள் இரவு ஏழரைக்கு பால்கனியிலிருந்து முதன்முதலாகப் பார்த்தேன். அங்கே நள்ளிரவு 12. அம்மாவை எழுப்பி மொட்டை மாடிக்கு ஏறச் சொன்னேன்.

"வசிஷ்டர் தெரியுறாருடி. அந்தம்மாதான் தெரியல, கண்ணு மங்கிப்போச்சு."

"பக்கத்துலயேதாம்மா இருக்காங்க, நான் பாக்குறேன்."

கொஞ்ச நேரம் அம்மா பேசவில்லை. அப்புறம், "உங்கப்பா தாலி கட்டின அன்னைக்கு எனக்கும் பந்தல் கூரையைத்தான் காட்டினாங்க" என்றாள்.