வயலிலும் வாசலிலும் உடன்படிக்கை: சீகேமும் எருசலேமும் கண்ட பயணம்

பரிசுத்த பூமிக்குச் செல்லும் நம்மவர்கள் பெரும்பாலும் பெத்லகேம், நாசரேத், கலிலேயாக் கடல், எருசலேம் என்ற வரிசையில் இயேசுவின் அடிச்சுவடுகளைத் தேடியே போகிறார்கள். எனக்கும் அந்த ஆவல் குறைவாக இல்லை. ஆனால் மோசேயின் ஐந்தாம் ஆகமமாகிய உபாகமத்தைத் தொடர்ந்து தியானித்து வந்ததால், கர்த்தர் இஸ்ரவேலரோடு செய்த உடன்படிக்கை அவர்களுடைய வயலையும் வாசலையும் எப்படி ஆண்டது என்பதை அந்த மண்ணில் நின்று உணர வேண்டும் என்ற ஏக்கம் உள்ளத்தில் வேரூன்றியிருந்தது. ஆகவே பழைய சீகேம் இருந்த நாப்லுஸ் நகரத்தையும் எங்கள் பயணத்தில் சேர்த்துக்கொண்டோம்.

கெரிசீம் மலையின் மேல் நின்றால், கீழே பள்ளத்தாக்கில் நாப்லுஸின் வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதும், அதற்கு நேர் வடக்கே ஏபால் மலை எழும்பியிருப்பதும் ஒரே பார்வையில் தெரியும். கெரிசீம் 881 மீட்டர், ஏபால் 940 மீட்டர். இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களில் ஆறு கோத்திரங்கள் ஆசீர்வாதம் கூறும்படி கெரிசீமிலும், ஆறு கோத்திரங்கள் சாபம் கூறும்படி ஏபாலிலும் நிற்க வேண்டும் என்று மோசே கட்டளையிட்டதும், யோசுவா அதை நிறைவேற்றியதும் இங்கேதான். உபாகமம் 27ஆம் அதிகாரத்தை அந்தக் காற்றில் உரக்க வாசித்தோம். லேவியர் ஒவ்வொரு சாபத்தையும் சொல்ல, ஜனங்களெல்லாரும் ஒவ்வொன்றுக்கும் "ஆமென்" என்று சொல்ல வேண்டும்.

வீட்டில் பலமுறை வாசித்த அதிகாரந்தான் என்றாலும், அங்கே அது வேறு விதமாக என்னைத் தொட்டது. அந்தப் பன்னிரண்டு சாபங்களில் அந்தரங்கத்தில் வைக்கப்படும் விக்கிரகத்தைப் பற்றியது முதலில் வருகிறது. பின்பு அயலானுடைய எல்லைக்கல்லை நகர்த்துகிறவன், குருடனை வழிதப்பச் செய்கிறவன், பரதேசி, திக்கற்றவன், விதவை ஆகியோரின் நியாயத்தைப் புரட்டுகிறவன், ஒளிப்பிடத்தில் பிறனைத் தாக்குகிறவன் என்று வரிசை நீளுகிறது. இவற்றில் பெரும்பாலானவை சாட்சி இல்லாமல் செய்யக்கூடியவை. இருட்டில் எல்லைக்கல்லை ஒரு முழம் தள்ளி வைத்தால் யார் காண்பார்? தன்னை வழிதப்பச் செய்தவனை அந்தக் குருடன் எப்படி அடையாளம் காட்டுவான்? ஊர் மூப்பர்களின் நியாயம் எட்டாத அந்த இடத்துக்காகவே, ஒவ்வொருவனும் தன் வாயாலேயே முன்கூட்டி ஆமென் சொல்லும்படி கர்த்தர் வைத்தார் என்று நான் விசுவாசிக்கிறேன்.

மோசேயின் ஐந்து ஆகமங்களை மட்டும் வேதமாகக் கொண்ட சமாரியர்கள் இன்றும் கெரிசீமில் வாழ்ந்து, ஆண்டுதோறும் அங்கேயே பஸ்கா பலியிட்டு, ஆட்டுக்குட்டிகளைக் குழி அடுப்பில் சுட்டுப் புசிக்கிறார்கள். மலையை விட்டு இறங்கி யாக்கோபின் கிணற்றில் தண்ணீர் குடித்துவிட்டு எருசலேம் திரும்பினோம்.

எருசலேமில் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது இஸ்ரேல் அருங்காட்சியகத்திலிருக்கும் உடைந்த பானை ஓடு ஒன்று. யாப்பாவுக்கும் அஸ்தோத்துக்கும் இடைப்பட்ட கடற்கரையில், மெசாத் ஹஷாவ்யாகு என்னும் சிறு கோட்டையில் 1960இல் அது கண்டெடுக்கப்பட்டது. கி.மு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. விரித்த கையைவிடச் சற்றே பெரிய அந்த ஓட்டின் துண்டுகளைச் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். கறுப்பு மையில் எபிரெய எழுத்துகள் நெருக்கமாக ஓடுகின்றன. அறுப்பு அறுக்கும் கூலியாள் ஒருவன் அதிபதிக்கு அனுப்பிய முறையீடு அது. தன் அறுப்பை முடித்துத் தானியத்தைச் சேர்த்து வைத்த பிறகும், ஓசாயா என்பவன் வந்து தன் வஸ்திரத்தைப் பறித்துக்கொண்டான் என்கிறான். வெயிலில் தன்னோடு அறுத்த சகோதரர்கள் தனக்காகச் சாட்சி சொல்லுவார்கள், தன்மேல் குற்றமில்லை, வஸ்திரத்தைத் திரும்பத் தர வேண்டும் என்று மன்றாடுகிறான். அவன் பதறிச் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதியது போலச் சொன்னதே திரும்பத் திரும்ப வருகிறது.

நியாயப்பிரமாணத்தின் எந்த வசனத்தையும் அவன் எடுத்துக்காட்டவில்லை. இருந்தாலும் அதை வாசிக்கிற நமக்கு யாத்திராகமம் 22 நினைவுக்கு வராமல் போகாது: ஏழையின் வஸ்திரத்தை ஈடாக வாங்கினால் பொழுது போகுமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவன் போர்த்துப் படுக்க அது ஒன்றே உண்டு. உபாகமம் 24 இன்னும் நுணுக்கமாகப் பேசுகிறது. ஏந்திரக்கல்லை அடகு வாங்கக் கூடாது. அதை எடுத்துக்கொண்டால் அந்த வீட்டில் மறுநாள் அப்பம் இராது. கடன் கொடுத்தவன் கடன்பட்டவனின் வீட்டுக்குள் நுழையவும் கூடாது. வெளியே நிற்க வேண்டும், அடகுப் பொருளைக் கடன்பட்டவனே எடுத்து வர வேண்டும். பணம் கொடுத்தவன் ஏழையின் வாசற்படிக்கு வெளியே காத்து நிற்கிறான் என்றால், அந்த ஏழைக்குக் கர்த்தர் தந்த கனத்தை என்னவென்று சொல்வது! ஈடாக வாங்கிய வஸ்திரங்களின்மேல், அதுவும் பலிபீடங்களின் அருகிலேயே படுத்துக்கொண்டவர்களை ஆமோஸ் தீர்க்கதரிசி அத்தனை கடுமையாகக் கடிந்துகொண்டதன் காரணமும் அந்த ஓட்டின் முன் நின்றபோது எனக்கு விளங்கியது.

அதே அருங்காட்சியகத்தில் மிகச் சிறிய இரண்டு வெள்ளிச் சுருள்கள் இருக்கின்றன. எருசலேமை ஒட்டிய இன்னோம் பள்ளத்தாக்கின் மேலுள்ள கல்லறைக் குகை ஒன்றில், 1979இல் கேப்ரியல் பார்க்காய் தலைமையில் நடந்த அகழ்வில் கிடைத்தவை. பெரியதை விரித்தபோதுங்கூட அதன் நீளம் 10 சென்டிமீட்டரை எட்டவில்லை. கூர்மையான முனையால் கீறிய எழுத்துகளைக் கண்ணாடிக்கு மிக அருகில் குனிந்து பார்த்தால்தான் காண முடிகிறது. "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்று நம் சபைகளிலும் கூறப்படும் ஆசாரிய ஆசீர்வாதம் இரண்டிலும் இருக்கிறது. பெரிய சுருளில், தம்மில் அன்புகூருகிறவர்களுக்குக் கர்த்தர் உடன்படிக்கையைக் காக்கிறார் என்ற வாக்கும் உண்டு. சுருளின் நடுவே நூல் கோக்க இடம் விட்டிருப்பதால், அதை யாரோ உடலில் அணிந்திருந்தார்கள் என்று தெரிகிறது. மலையின்மேல் கோத்திரங்களாக நின்று ஆமென் சொன்ன ஜனத்தில், பின்வந்த ஒருவர் அந்த உடன்படிக்கையைத் தம்மேல் தரித்துக்கொண்டே நடமாடியிருக்கிறார்.

குழுவாகப் பயணம் செல்லும் பலருடைய நிகழ்ச்சி நிரலில் நாப்லுஸும் இந்த அருங்காட்சியகமும் இருப்பதில்லை. புறப்படுவதற்கு முன்பே ஏற்பாட்டாளரிடம் இரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். போகுமுன் உபாகமம் 24, 27 ஆகிய இரண்டு அதிகாரங்களையும் குடும்பமாக வாசித்துவிட்டுச் செல்லுங்கள்.