நியூரம்பர்க் டிரம்பெட்: விரிமுனை தயார்

பரோக் காலத்து (சுமார் 1600–1750) ஐரோப்பிய டிரம்பெட்டில் வால்வு கிடையாது, விரலால் மூடித் திறக்கத் துளையும் கிடையாது. ஏழடிக்குச் சற்று மேல் நீளும் ஒரே குழாய், இரண்டு வளைவுகள், புனல் போல விரியும் முனை. மற்றதெல்லாம் ஊதுபவரின் உதட்டில். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய அரசவைகள் பலவற்றுக்கும் இதைச் செய்து கொடுத்த ஊர் ஜெர்மனியின் நியூரம்பர்க். அந்தப் பட்டறைகளின் முறையிலேயே ஒன்று செய்துவருகிறேன். இந்த வாரம் விரிமுனை முடிந்தது.

அரை மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டின் ஓர் ஓரத்தைச் சிறு பற்களாக வெட்டினேன். ஒன்றுவிட்டு ஒன்றை மேலும் கீழுமாக மடக்கி, மறு ஓரத்தை நடுவில் செருகினேன். வெண்காரம் தடவிச் சூடேற்றியதும் வெள்ளிப் பற்றாசு மூட்டு நெடுக ஓடியது. பொறுமை தேவைப்பட்டது அதற்குப் பிறகுதான். இரும்பு அச்சில் மாட்டித் தட்டத் தட்டத் தகடு விறைத்துக்கொள்ளும். மங்கிய சிவப்பு ஏறும்வரை காய்ச்சினால் மறுபடி இளகும். விறைப்பதைக் கண்ணுக்கு முன் காது கண்டுகொள்கிறது, சுத்தியின் ஓசை கூர்மையாகிறது.

மெல்லிய விளிம்பைத் தாங்க ஒரு பித்தளைப் பட்டை சுற்றுவார்கள். செய்தவர் பெயர், ஊர், முத்திரை எல்லாம் அதில்தான் பொறிக்கப்படும். நியூரம்பர்க்கில் டிரம்பெட் செய்த யோஹான் வில்ஹெல்ம் ஹாஸின் (1649–1723) முத்திரை தாவும் முயல். கைவினைஞர்களை நகர மன்றமே நேரடியாகக் கண்காணித்த ஊர் அது. ஊதுபவர்களுக்கோ 1623இல் புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட் தனியுரிமை வழங்கினார். டிரம்பெட் ஒலி அரசனின் அதிகாரம். கண்டவர் ஊத முடியாது, கண்டவருக்குக் கற்பிக்கவும் முடியாது. இத்தனை காவல் ஒரு மெல்லிய தகட்டுக்கு என்பது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

வளைவுகள் இன்னும் ஆகவில்லை. குழாய்களை நேராகவே தேன்மெழுகால் பொருத்தி ஊதிப் பார்த்தேன். அன்றும் இந்த இணைப்புகளைப் பற்றவைக்காமல்தான் விட்டார்கள். ஒரே குழாயில் உதட்டால் மட்டும் எழுப்பக்கூடிய இயற்கைச் சுர வரிசையில் 11ஆவது ஒலி சுத்த மத்தியமத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் நடுவே நிற்கும். அதை உதட்டால் ஏற்றவோ இறக்கவோ வேண்டும். என் குழாயில் அது வளைந்து கொடுக்கிறது. கையால் தட்டிய குழாயின் உட்புற மேடுபள்ளமே காரணம் என்பது என் கணிப்பு. ஆலைக் குழாயில் இதே முனையைப் பொருத்தியபோது அந்தச் சுரம் அசையவே மறுத்தது.

அடுத்தது வளைவுகள். உருக்கிய ஈயத்தை நிரப்பி வளைப்பது பழைய வழக்கம். ஈயப் புகை வேண்டாம் என்று, அதற்குப் பதிலாக நிரப்பக் கீல் (தார் போன்ற பொருள்) வாங்கி வைத்திருக்கிறேன்.